நேற்றைய காற்றை இன்று வாசித்த கம்ப்யூட்டர்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களில் பாதிப் பேர் ஒரு ஸ்கிரிப்டாவது, வேலையைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்படி ஒரு சின்னப் புரோகிராமாவது, எழுதியிருப்பீர்கள். யாரும் பொத்தானை அழுத்தாமல் கருவிகள் தாமாகவே இணைந்துகொள்ளும், வேலையை முடித்துக்கொள்ளும், கடைசியில் 'வெற்றி' என்று ஒரு வரி போடும். அதைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு டீ குடிக்கத் தோன்றும். தாராளமாகக் குடியுங்கள். ஆனால் அந்த வரியை எழுதியது கருவி இல்லை, நீங்கள்தான் என்பதை மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து கொஞ்சம் யோசியுங்கள். நான் யோசிக்காமல் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பிறவிச் சந்தேகப் பேர்வழி. சிக்கல் என்ற ஊரில் விவசாயக் குடும்பம். பக்கத்து வயல்காரர் வரப்பை நகர்த்திவிட்டாரோ என்று காலையில் எழுந்ததும் காலடி வைத்து அளந்து பார்க்கிற வீட்டில் வளர்ந்தவன். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தடவை இழுக்கவில்லையே என்று பாதி வழியில் திரும்பி வருவேன். இந்தக் குணம் நம் தொழிலுக்கு நல்லது என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு தொண்டு அமைப்பில் இருந்தேன். கடற்கரை ஊர்களில் அவர்கள் தகவல் மையங்கள் நடத்திவந்தார்கள். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு ஒலிபெருக்கிக் கம்பம். அந்தந்த ஊர்ப் பெண் ஒருவர் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பார்த்து மைக்கில் வாசிப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் வல்லம் என்கிற சின்ன நாட்டுப்படகில் போகிறவர்கள் மதியத்துக்கு மேல் வலையை ஏற்றுவார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நான் சொல்லும் ஊர், மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே தொலைபேசிக் கம்பி கிடையாது. செல்போன் சிக்னலும் மையத்துக்குள் வராது. வாசலில், அந்தக் கம்பத்தைச் சுற்றிப் பத்தடி வட்டத்துக்குள் மட்டும் வரும். ஊரே போன் பேச அங்கேதான் வந்து நிற்கும். நான் ஒரு செல்போனை கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிக் கம்பத்தின் மேலே ஏற்றினேன். அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை அதனோடு புளூடூத்தில் இணைத்தேன். முப்பதடி தூரத்துக்குள் மட்டும் வேலை செய்கிற சின்ன வலையமைப்பு. போன் வானத்திலிருந்து வாங்கும், கம்ப்யூட்டர் போனிடமிருந்து வாங்கும்.

ஆனால் அதை இணைக்க தினமும் ஏழெட்டுப் படிகள். மையத்தில் வாசிக்கிற ஜெசிந்தா ஒன்பதாவது வரை படித்தவர், கெட்டிக்காரர், ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் எங்கேயாவது ஒரு படியில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்வார். அதற்காக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது தானாக எழும். போனைத் தேடும், இணைக்கும், காற்றுச் செய்தியை இறக்கும், இணைப்பைத் துண்டிக்கும், அன்றைய தேதி போட்டுத் திரையில் பெரிய எழுத்தில் காட்டும். ஜெசிந்தா வாசித்தால் போதும்.

இதில் என் சந்தேகப் புத்தி இரண்டு இடத்தில் நுழைந்தது. கொட்டானில் இருக்கிற போன் என்றாவது திருட்டுப் போகும் என்று உறுதியாக நம்பினேன். அதனால் அந்த ஒரு போனின் புளூடூத் எண்ணை நேராகக் கூப்பிடாமல், ஒவ்வொரு நாளும் சுற்றிலும் இருக்கிற போன்களை எல்லாம் தேடி, நான் வைத்த பெயர் எதில் இருக்கிறதோ அதில் இணையும்படி எழுதினேன். போன் களவு போனால் வேறு போனுக்கு அதே பெயரை வைத்துவிடலாம் அல்லவா? இரண்டாவது, வாசிப்பவர்கள் நேரத்துக்கு மையத்தைத் திறப்பதில்லை என்றும் எனக்குச் சந்தேகம். அதனால் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் லாக் கோப்பில் பதியவைத்தேன். மாதம் ஒரு தடவை அந்தக் கோப்பைத் துப்பறிவாளன் மாதிரி வரிவரியாகப் படிப்பேன்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு கச்சான் காற்றுக் காலம் வந்தது. ஒரு நாள் உரத்து அடித்து மறுநாள் அடங்கிவிடுகிற காற்று அது.

அந்தக் கடலில் ஒரு முறை உண்டு. விசைப்படகுக்கு ஒரு நாள், வல்லத்துக்கு மறுநாள். இருவரும் ஒரே நாளில் போனால் வலை அறுபடும், சண்டை வரும். வல்லத்துக்காரர்களில் மூத்தவர் சந்தியாகு. ஒரு நாள் அவர் எங்கள் ராமநாதபுரம் அலுவலகத்துக்கே ஐந்தாறு பேரோடு வந்துவிட்டார்.

"விசைப்படகுக்காரவுக முறைக்கு மைக் நெசம் பேசுது. எங்க முறை வந்தா மட்டும் பொய் பேசுது. கடல் கண்ணாடி மாதிரிக் கெடக்கு, பலத்த காத்துங்குது. நாங்க வல்லத்தக் கரையில போட்டுட்டு உக்காந்திருக்கோம். இது எந்த ஊரு நாயம்?" என்றார்.

"இயந்திரம் சொல்வதைத்தான் வாசிக்கிறார்கள்" என்றேன்.

"மிசினுக்கு எது எங்க முறை, எது அவுக முறைன்னு தெரியுமாய்யா? வாசிக்கிறவளுக்குத் தெரியும். அவ புருசன் அருளு விசைப்படகுல போறான்ல."

இந்த வாதம் என் மண்டையில் ஆணியாக இறங்கியது. எவ்வளவு சரியான பேச்சு! கோளாறு என்றால் கண்ட நாளில் வரவேண்டும். நாள் பார்த்து வருகிற கோளாறை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. லாக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். எல்லா நாளும் 'வெற்றி'. அப்படியானால் திரையில் சரியாகத்தான் வந்திருக்கிறது, வாசித்தவர்தான் மாற்றி வாசித்திருக்கிறார். வல்லத்துக்காரர்கள் பிடிக்காத மீனை மறுநாள் விசைப்படகு பிடிக்கும். எனக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஜெசிந்தா எனக்கு இரண்டு தடவை போன் செய்திருந்தார். "சார், சில நாளு நேத்து வந்ததே வருது சார். தேதி மட்டும் மாறுது" என்றார். "மெஷின்ல வர்றத வாசிங்கம்மா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். சந்தியாகு வந்துபோன பிறகு அந்தப் போன்களும் எனக்குச் சந்தேகமாகத்தான் தெரிந்தன. முன்கூட்டியே பழியை இயந்திரத்தின் மேல் போட்டுவைக்கிறார் என்று நினைத்தேன். திட்ட அலுவலருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இயந்திரத்தில் பிழை இல்லை, வாசிப்பவரின் நோக்கத்தை விசாரிக்க வேண்டும் என்று. ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஆளைப் போடலாம் என்று அவர் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு வல்லத்து முறை நாளில், யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். மையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெசிந்தா பதினொன்றரைக்கே வந்து திறந்தார். ஒலிபெருக்கியைத் துடைத்தார். கம்பத்தைச் சுற்றி இளைஞர்கள் இருபது பேர் இருந்தார்கள். அன்று விசைப்படகுக்கு ஓய்வு. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் புளூடூத்தில் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவின் கணவன் அருளும் அங்கே இருந்தான். ஒரு தடவை அறைப்பக்கம் பார்த்துத் தலையாட்டினான். ஆகா, சைகை என்று குறித்துக்கொண்டேன். அவன் மனைவியிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான் என்பது அவர் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தபோது தெரிந்தது. அப்போதும் என் சந்தேகம் குறையவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அறைக்குள் நுழைந்தேன். ஜெசிந்தா திடுக்கிடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திரையில் அன்றைய தேதியும் 'மிதமான காற்று, அலை ஒரு மீட்டருக்குள்' என்ற செய்தியும் இருந்தன. லாக்கைப் பார்த்தேன். வெற்றி.

"நேத்தும் இதே எழுத்துத்தான் சார். எழுதி வச்சிருக்கேன்" என்று ஒரு நோட்டை நீட்டினார்.

நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மையில் எழுதியிருந்தது. நேற்று உட்கார்ந்து மொத்தமாக எழுதிய நோட்டு என்று முடிவு செய்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"திரையில இருக்கிறத அப்படியே வாசிங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

மைக்கின் பொத்தானைப் போட்டார். பிறகு வாசித்தார். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அங்கேதான் என் கணக்கு முதன்முதலாக இடறியது. மாற்றி வாசிக்கவில்லை என்றால் பொய் எங்கிருந்து வந்தது?

திரையில் இருந்த செய்தியைத் தனியாக ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு ஸ்கிரிப்டை ஒவ்வொரு படியாகக் கையால் ஓட்டினேன். போனைத் தேடச் சொன்னேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. வாசலில் நின்ற அத்தனை பேரின் போனும் வந்தது. ஒவ்வொன்றிடமும் உன் பெயர் என்ன என்று நின்று கேட்டுக்கொண்டே போனது கம்ப்யூட்டர். தேடுவதற்கு நான் கொடுத்திருந்தது பத்து விநாடி. கொட்டானில் இருக்கிற எங்கள் போனின் முறை வருவதற்குள் நேரம் முடிந்தது. இணைப்பு இல்லை. செய்தி இறங்கவில்லை. அடுத்த படியில் என் ஸ்கிரிப்ட், செய்திக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது, நேற்றையது. அதன் தலையில் இன்றைய தேதியைப் போட்டது. வெற்றி என்று எழுதியது.

என் மேசையில் சோதித்தபோது சுற்றிலும் இருந்தது ஒரே ஒரு போன். என்னுடையது.

விசைப்படகு கடலில் இருக்கிற நாளில் கம்பத்தடியில் புளூடூத்தில் பாட்டு அனுப்பிக்கொண்டு நிற்க ஆள் இல்லை, ஸ்கிரிப்ட் ஒழுங்காக வேலை செய்தது. அவர்கள் கரையில் இருக்கிற நாள் வல்லத்து முறை. அன்றைக்கெல்லாம் நேற்றைய காற்று. இயந்திரத்துக்கு முறை தெரியாதுதான். ஆனால் அந்த முறைப்படி வருகிற மனிதர்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே போய் அத்தனை பேரையும் போனோடு கடற்கரைப் பக்கம் போகச் சொன்னேன். முறைத்தார்கள், போனார்கள். திரும்ப ஓட்டினேன். புதிய செய்தி இறங்கியது. மாலையிலிருந்து பலத்த காற்று, சிறு படகுகள் கடலுக்குள் போக வேண்டாம்.

மிதமான காற்று என்று ஊருக்கே வாசிக்கச் சொல்லிவிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கரையில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சந்தியாகுவின் தம்பியுடைய வல்லம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

கம்பத்தடிக்கு வந்து திட்ட அலுவலருக்குப் போன் செய்தேன். "மைக்குல நீங்க எதுவும் ஒத்துக்காதீங்க. போன் கோளாறுன்னு சொல்லி, காத்து வருதுன்னு மட்டும் வாசிக்கச் சொல்லுங்க. மிச்சத்த ரிப்போர்ட்ல பாத்துக்கலாம். அந்தப் பொண்ணத்தான் எப்படியும் மாத்தப்போறோமே" என்றார். நிதானமான மனிதர், கெட்டவர் இல்லை. ஆனால் ராமநாதபுரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தா மைக்கை எடுத்தார். "நான் வாசிச்சா இனி எவன் சார் நம்புவான்? வெளையாடுறாளான்னு கேப்பாக" என்றவர், என்னிடமே நீட்டினார்.

நான் பேசினேன். மையத்தின் கம்ப்யூட்டரை அமைத்தவன் பேசுகிறேன், நான் எழுதிய புரோகிராமில் பிழை, வல்லத்து முறை நாட்களில் முந்தின நாள் செய்தியைக் காட்டியிருக்கிறது, சற்று முன் வாசித்ததும் பழையதுதான், மாலையில் காற்று உரக்கும், யாரும் போகவேண்டாம் என்றேன்.

பத்து நிமிடத்தில் வாசல் நிறைந்தது. சந்தியாகு முன்னால் வந்தார்.

"இம்புட்டு நாளும் மிசின் சரின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்பத் தப்புன்னு சொல்றதும் நீதான். அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா இன்னைக்குச் சொல்றது நெசமுன்னு நான் எத வச்சு நம்புறது? இல்ல, அந்தப் பிள்ளையக் காப்பாத்த ஆபீசுல சொல்லிவிட்டாகளா?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். சொல்லப்போனால் இன்னும் நாலு கேள்வி கூடக் கேட்டிருப்பேன். அதனால் நானாக இருந்தால் எதற்கு மசிவேனோ அதைச் செய்தேன். "நீங்களே சோதித்துப் பாருங்கள்" என்று நாற்காலியை அவருக்குப் போட்டேன்.

அருளும் மற்ற இளைஞர்களும் போனோடு கம்பத்தடியில் நின்றார்கள். எடுத்துவைத்த பழைய செய்தியைத் திரும்பப் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டினேன். நேற்றைய காற்று, இன்றைய தேதி. "ஏலே, எல்லாரும் கடக்கரைக்குப் போங்கடா" என்றார் சந்தியாகு. மறுபடி ஓட்டினேன். பலத்த காற்று. அவருக்குப் போதவில்லை. தானே வாசலுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டார், விரட்டினார், திடீரென்று பாதிப் பேரை மட்டும் நிறுத்தினார். நான் பார்க்க முடியாதபடி மறைவாகச் செய்தார், நான் ஏதாவது பொத்தானை மாற்றி அழுத்துகிறேனா என்று ஒருவரை என் பின்னால் நிற்கவைத்தார். அப்படிச் சோதிக்கிற மனிதரை நம் தொழிலில் நான் பார்த்ததில்லை. என் ஸ்கிரிப்டை ஊருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

நாலாவது தடவைக்குப் பிறகு எழுந்தார். நேராக அருளிடம் போனார். இரண்டு மாதமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவர்.

"தம்பி வல்லம் போயிருச்சுடா. போனும் கொண்டுபோகல. ஒங்க பைபர் படகுல இஞ்சின் இருக்குல்ல."

அருள் பேச்சை வளர்க்கவில்லை. "வாங்க மாமா, இங்கன நின்னு என்ன ஆகப்போகுது" என்று ஓடினான். மூன்று பேர் பைபர் படகைத் தள்ளி ஏறினார்கள்.

அந்த மூன்று மணி நேரம் நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். கடல் அமைதியாகவே இருந்தது. காற்றே வராமல் போய்விட்டால் என்னை இந்த ஊர் என்ன செய்யும் என்று பயந்தேன். காற்று வந்துவிட்டால் அந்த வல்லம் என்ன ஆகும் என்றும் பயந்தேன். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. நாலரை வாக்கில் பைபர், வல்லத்தை அழைத்துக்கொண்டு கரை தொட்டது. ஐந்து மணிக்குத் தென்மேற்கிலிருந்து கச்சான் எழுந்தது. கம்பத்துக் கொட்டான் கயிற்றில் கிடந்து அல்லாடியது.

தேடுவதை எடுத்துவிட்டு, எங்கள் போனின் புளூடூத் எண்ணை நேராக எழுதி, புதுச் செய்தி இறங்காத நாளில் 'செய்தி வரவில்லை' என்று மட்டும் காட்டும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினேன். கால்மணி நேர வேலை. பையை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் விடைபெறப் போனேன். ஊரெல்லாம் கேட்க ஒத்துக்கொண்டுவிட்டோமே என்று மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

அவர் நோட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார். எங்கள் அலுவலக உறை.

"காலையில தபால்ல வந்துச்சு சார். ஒண்ணாந்தேதியோட நின்னுக்கிறச் சொல்லி. ஏன்னும் போட்டிருக்கு." பிரித்து வாசித்தார். மைக்கில் வாசிப்பது போலவே, ஒரு எழுத்தும் மாற்றாமல். "இயந்திரத்தில் பிழை இல்லை. வாசிப்பவரின் நோக்கத்தை விசாரிக்க வேண்டும்." கீழே, அறிக்கை கொடுத்தவர் என்று என் பெயர்.

காலையிலேயே வந்த கடிதம். அதைப் படித்துவிட்டுத்தான் பதினொன்றரைக்கு மையத்தைத் திறந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறார்.

"ஆபீஸ்ல பேசி மாத்திடுறேன். நாளைக்கே புது லெட்டர் வரும்" என்றேன்.

"வரட்டும் சார். மிசின் தப்புன்னு மைக்குல சொன்னீக. எம்மேல எழுதிக் குடுத்தது நீங்கதான்னு சொல்லலையே. ஊரு இன்னும் சந்தியாகு மாமாதான் எழுதவச்சாகன்னு பேசுது." மைக்கின் பொத்தானைப் போட்டு என் பக்கம் திருப்பினார்.

வெளியே மணலில் வல்லத்துக் கூட்டமும் விசைப்படகுக் கூட்டமும் காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. நான் சொன்னேன். ஜெசிந்தா மேல் குற்றம் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தது நான். கம்ப்யூட்டரைச் சோதிக்காமலே எழுதினேன். நேற்றையதே வருகிறது என்று அவர் இரண்டு தடவை போனில் சொன்னார். நான் நம்பவில்லை. அவர் கணவர் விசைப்படகில் போகிறவர் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தேதியிலிருந்து தொடங்கி, அன்றைய காற்றை இன்னொரு தடவை முழுதாக வாசித்தார்.